கடிக்காத காலணி, கண்ணுக்கும் அழகான காலணி: பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

வாசகியின் கேள்வி:

எனக்கு 56 வயது. இன்னும் ஆறு வாரங்களில் கணவருடனும் மகளுடனும் பன்னிரண்டு நாள் வெளிநாட்டுப் பயணம் செல்கிறேன். ஒன்பது மணி நேர விமானப் பயணம். அதன் பிறகு பெரும்பாலும் பழைய நகரங்களின் கல் பாவிய தெருக்களிலும் அருங்காட்சியகங்களிலும் நடைதான். சென்ற முறை புறப்படுவதற்கு முதல் நாள் வாங்கிய ஷூ இரண்டாம் நாளே கடித்துக் கொப்புளமாகி, மீதி நாள்களை ரப்பர் செருப்பிலேயே கழித்தேன். சில மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் சுருக்கென்று வலிக்கிறது. அதே காலின் பெருவிரல் மூட்டும் புடைத்திருக்கிறது. மகள் விளையாட்டு ஷூ வாங்கச் சொல்கிறாள். எனக்கோ நல்ல உடைக்குக் கீழே அது ஒட்டாமல் தெரிகிறது. எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? ஒரு ஜோடி போதுமா? பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள என் கணவர் எங்கு போனாலும் திறந்த செருப்புதான் அணிவார்; அது பரவாயில்லையா? கடைசியாக, ஆசைப்பட்டு வாங்கி வைத்திருக்கும் தோல் ஷூ ஒன்று சற்று இறுக்கமாக இருக்கிறது. நடக்க நடக்கப் பழகிவிடுமா?

பாத நலத்தில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

புறப்பட ஆறு வாரங்கள் இருக்கும்போதே எழுதியிருக்கிறீர்கள் என்பதால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிட்டது என்று துணிந்து சொல்வேன். பயணம் முடிந்து புண்ணான பாதத்துடன் என்னிடம் வருபவர்களில் மிகப் பலர், பெட்டியில் வைக்க வேண்டிய எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகு, கடைசி வாரத்தில், கடையில் போட்டுப் பார்த்த இரண்டு நிமிடச் சுகத்தை நம்பிக் காலணி வாங்கியவர்கள். அந்த இரண்டு நிமிடச் சுகம் எதனால் வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் மென்மையைப் பற்றிய உங்கள் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் இவை முதலில் சற்றுத் தளர்ந்து தரையின் மேடுபள்ளத்துக்கு இடம் கொடுக்கின்றன. பிறகு இறுகி, உடலை முன்னே தள்ளும் நெம்புகோலாகின்றன. மிக மென்மையான, மெத்தை போன்ற அடிப்பாகம் முதல் வேலைக்கு உதவுகிறது, இரண்டாவது வேலையைக் கெடுக்கிறது. மணலில் நடந்தால் கெண்டைக்கால் எவ்வளவு விரைவில் களைத்துப்போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். காலடியில் உறுதியான தளம் இல்லாதபோது, பாதத்தை நிலைநிறுத்தும் சிறு தசைகள் ஓய்வின்றி உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே மீளும் அளவுக்கு மென்மை இருக்கட்டும். அதற்கு அடியில் பாதத்தைத் தாங்கும் உறுதியும் இருக்க வேண்டும்.

அந்த உறுதியைக் கடையிலேயே கைகளால் சோதித்துவிடலாம். ஷூவின் பின்புறத்தில், குதிகாலைச் சுற்றி நிற்கும் கிண்ணம் போன்ற பகுதியை இரு விரல்களால் நெரித்துப் பாருங்கள்; எளிதில் மடங்கிவிட்டால் அது உங்கள் குதிகாலைப் பிடித்து வைக்காது. பிறகு முன்னும் பின்னும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள்; சற்றே திரும்பலாம், முழுவதும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கடைசியாக நுனியை மேல்நோக்கி வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுப்பாதம் இருக்கும் இடத்தில் புத்தகம்போல் இரண்டாக மடிந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி அளவு. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இருபது வயதில் தெரிந்துகொண்ட எண்ணையே ஐம்பது வயதிலும் சொல்லி வாங்குகிறார்கள். வயது ஏற ஏறத் தசைநார்கள் தளர்ந்து உள்ளங்கால் வளைவு தாழ்வதால் பாதம் நீளவும் அகலவும் செய்கிறது. கருவுற்ற காலத்துக்குப் பிறகு அரை அளவு கூடி அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. போதாக்குறைக்கு, எண்களும் ஒன்றுபோல் இல்லை: ஐரோப்பிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் இடைவெளி, பிரிட்டிஷ் முறையில் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஒரே எண்ணை இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாக வெட்டுவதும் வழக்கம். எனவே எண்ணை மறந்துவிட்டு, ஷூவின் நாக்குப் பகுதியிலோ பெட்டியிலோ சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் நீளத்தைப் பாருங்கள்.

உங்கள் நீளத்தை அறிய, மாலை வேளையில், பாதம் நாள் முழுவதும் உழைத்துச் சற்றே வீங்கியிருக்கும்போது, சுவரில் குதிகால் படும்படி ஒரு காகிதத்தின் மேல் நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளக்கக் கூடாது, உடல் எடை முழுவதும் பாதத்தில் இறங்கியிருக்க வேண்டும். மகளை விட்டுப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரியதற்கே வாங்க வேண்டும். எது மிக நீண்ட விரல் என்பதையும் கவனியுங்கள், சிலருக்கு அது பெருவிரல் அல்ல, இரண்டாம் விரல். அந்த விரல்நுனிக்கும் ஷூவின் முன்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். வரைந்த காகிதத்தை வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஷூவுக்குள் பாதம் படும் உள்ளட்டையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்து அதன்மேல் காகிதத்தை வைத்தால், எங்கே பிதுங்குகிறது என்பது விற்பனையாளரின் சொல்லைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடும். உங்கள் வலது பெருவிரல் மூட்டருகே அது பிதுங்கும் என்பது என் ஊகம்.

அந்தப் புடைப்பைப் பற்றி: பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாயும்போது, அதற்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு எதிர்ப்புறம் ஒதுங்குவதால் மூட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இதைக் காலணி நேராக்காது; ஆனால் குறுகிய காலணி அதன் மேலுள்ள தோலையும், மூட்டுக்கு மெத்தையாக இருக்கும் சிறு நீர்ப்பையையும் உரசி வலியைக் கூட்டும். விரல்கள் இருக்கும் பகுதி அகலமாகவும் போதிய உயரத்துடனும் இருக்கட்டும். புடைப்பின் மேல் தையலோ உலோக வளையமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிருதுவான தோலும் பின்னல் துணியும் அங்கே ஏற்றவை.

காலை முதல் அடியில் சுருக்கென்று குத்தும் வலி, பெரும்பாலும் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை வில்லின் நாண்போல் ஓடும் திசுப் பட்டையின் எரிச்சலால் வருவது. மருத்துவர்கள் இதைப் பிளான்டார் ஃபேசியைடிஸ் என்பார்கள். இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பட்டை திடீரென இழுபடுவதால் முதல் சில அடிகள் வலித்து, நடந்தால் தணிந்து, வெகுநேரம் நின்றாலோ நடந்தாலோ மறுபடி தலைகாட்டும். எக்ஸ்-ரேயில் எலும்பு முள் தெரிந்தால் அதுவே காரணம் என்று பலர் அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. கடிதத்தை மட்டும் வைத்து நான் நோயை உறுதிசெய்ய முடியாது. சில மாதங்களாக நீடிக்கும் வலி என்பதால் புறப்படுமுன் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். மரத்துப்போதல், இரவில் படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். இந்த வலி உள்ளவர்களுக்கு முற்றிலும் தட்டையான காலணி ஒத்துவராது. குதிப்பகுதி முன்பகுதியைவிட ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தும், உள்ளங்கால் வளைவின் கீழ் லேசான மேடு தாங்கியும் இருந்தால் பட்டையின் இழுவிசை குறையும். ரப்பர் செருப்பில் சென்ற பயணத்தை முடித்தீர்களே, அது அன்றைய கொப்புளத்துக்கு ஆறுதல் தந்திருக்கலாம், ஆனால் இப்போதைய குதிகாலுக்கு அதைவிட மோசமான தோழன் இல்லை: மெலிந்த தட்டையான அடி, கழன்று விழாமல் இருக்க விரல்களால் ஓயாமல் கவ்விப் பிடிக்கும் நடை. படுக்கையை விட்டு இறங்குமுன் விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து முறை செய்யுங்கள். சுவரில் கைகளை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியையும் இன்றே தொடங்கினால் ஆறு வாரங்களில் வேறுபாடு தெரிய வாய்ப்பு உண்டு.

இனி அழகு. இதைக் கேட்கத் தயங்கியே எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது, தயங்க வேண்டியதில்லை. தனக்குப் பிடிக்காத காலணியை எவரும் தொடர்ந்து அணிவதில்லை, மூன்றாம் நாள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிவிடுவார்கள் என்பதை என் அனுபவத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது, நடப்பதற்கென்றே செய்யப்பட்ட ஷூவின் அடிப்பாகம்தான் உங்களுக்கு வேண்டும். ஆனால் பளிச்சென்ற கோடுகளும் தடித்த வெண்ணிற அடிப்பாகமும் கட்டாயமில்லை. மேற்பகுதி, லேஸ், அடிப்பாகம் மூன்றும் ஒரே அடர்நிறத்தில், கறுப்பிலோ காப்பிப் பழுப்பிலோ கருநீலத்திலோ இருந்தால், அதே ஷூ கால்சட்டைக்கும் நீளமான உடைக்கும் கீழே அடங்கி நின்றுவிடுகிறது. வழவழப்பான தோலால் ஆன மேற்பகுதி இன்னும் கண்ணியமாகத் தெரியும், துடைத்தால் அழுக்கும் போய்விடும். லேஸ் பிடிக்காவிட்டால், பாதத்தின் மேல் குறுக்கே பட்டை வரும் மூடிய ஷூவைப் பாருங்கள். பட்டையை இறுக்கவும் தளர்த்தவும் முடிகிறதா என்பதே முக்கியம். லேசும் பட்டையும் இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் லோஃபர், வெறும் இறுக்கத்தால் மட்டுமே காலில் நிற்கிறது. காலையில் சரியாக இருந்தால் மாலையில் வீங்கிய பாதத்தைக் கடிக்கும்; மாலைக்குச் சரியாக வாங்கினால் காலையில் குதிகாலில் நழுவும். கூர்நுனி பிடிக்குமென்றால், அந்தக் கூர்மை உங்கள் விரல்கள் முடிந்த பிறகே தொடங்க வேண்டும். உயரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டால், மூன்று சென்டிமீட்டருக்குள், அகலமான குதி உடையதை மாலை விருந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குதி உயர உயர எடை முன்பாதத்துக்குச் சரிந்து, உங்கள் புடைத்த மூட்டின் மேல்தான் இறங்கும்.

இரண்டு ஜோடிகள் கட்டாயம் வேண்டும். நாள் முழுவதும் வியர்வையில் ஊறிய ஷூ ஓரிரவில் முழுமையாக உலர்வதில்லை. ஈரமான தோல் எளிதில் உரசிக் கொப்புளமாகும் என்பதால் மாற்றி மாற்றி அணிய வேண்டும். முதல் ஜோடி மேலே சொன்ன ஷூ. இரண்டாவது, குதிகாலைச் சுற்றிப் பின்பட்டை உள்ள, உள்ளங்கால் வடிவில் குழிவும் மேடும் உள்ள சாண்டல். முன், நடு, பின் என மூன்று இடங்களிலும் பட்டைகளைச் சரிசெய்ய முடிவது சிறப்பு. ஒரு ஜோடி ஓரிடத்தில் உரசினால், மற்றது வேறிடத்தில்தான் உரசும். அதுவே பாதத்துக்கு ஓய்வு. கனமானதைக் காலில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் பெட்டியில் சாண்டல் மட்டும் இருக்கும். மழை மிகுந்த குளிர்ந்த இடமாக இருந்தாலன்றி, நீர்புகாச் சவ்வு வைத்த ஷூவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குள் வியர்வை தேங்கும், ஒருமுறை நனைந்துவிட்டால் உலரவும் வெகுநேரமாகும். கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும் என்பதால் அடிப்பாகம் வரிப்பள்ளங்கள் உள்ள ரப்பராக இருக்கட்டும்.

வீட்டில் வெகுநாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் நல்ல ஷூ ஏதேனும் இருந்தால், அதை எடுத்துச் செல்லும் எண்ணத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை. பாலியூரிதேன் என்னும் நுரைப்பொருளால் ஆன அடிப்பாகம், காற்றிலுள்ள ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்தாலும் சிதையும். ஐந்தாறு ஆண்டுகள் பத்திரப்படுத்திய என்னுடைய மலையேற்றக் காலணி, ஏற்றத்தின் நடுவே, ஊறிய ரொட்டிபோல் உதிர்ந்து கையோடு வந்தது. பாதங்களைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் அன்று அடிப்பாகத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. முதலில் வீட்டுக்குள்ளேயே, மாலையில், பயணத்தில் போடப்போகும் அதே காலுறையுடன் ஒரு மணி நேரம் அணியுங்கள்; சரிவராவிட்டால் அழுக்குப் படாமல் மாற்றிக்கொள்ளலாம். படியிறங்கும்போது விரல்நுனி முன்னே இடிக்கிறதா, படியேறும்போது குதிகால் நழுவுகிறதா என்று பாருங்கள். குதிகால் நழுவினால், மேலே தனியாக ஒதுங்கி நிற்கும் கடைசித் துளையில் லேசைச் செருகி ஒரு சிறு வளையமாக்கி, எதிர்ப்புற லேசை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் வெளியே நடந்து பழகி, புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாகவேனும் ஒருநாள், தோள்பையுடன், எட்டு கிலோமீட்டர் நடந்துவிடுங்கள். சுற்றுலாவில் நாளொன்றுக்கு 15,000 அடிகள் எளிதில் வந்துவிடும். அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இன்றைய துணி ஷூக்களுக்குப் பழக்கம் அதிகம் தேவையில்லைதான், உங்கள் பாதத்துக்குத் தேவை.

பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி இழையோ செயற்கை இழையோ கலந்தது மேல். வழக்கமாக உரசும் இடத்தில் மருந்துக் கடைகளில் கிடைக்கும் காகித ஒட்டுப்பட்டையைக் காலையிலேயே ஒட்டிவிடுங்கள். பல நாள் நீளும் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்ட 128 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த எளிய பட்டை ஒட்டிய இடங்களில் கொப்புளங்கள் குறைவாகவே வந்தன. ஓரிடம் சூடாக உணரத் தொடங்கியதும் நின்று கவனியுங்கள். அடுத்த அருங்காட்சியகம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று எண்ணும் அந்த அரை மணி நேரத்தில்தான் கொப்புளம் எழும்புகிறது. எழும்பிவிட்டால் அதன் மேல்தோலை உரிக்காதீர்கள்.

விமானத்தில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளாததால் பாதம் வீங்குகிறது. ஏறி அமர்ந்ததும் லேசைத் தளர்த்திவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள், இயன்றபோது எழுந்து நடங்கள். முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை உங்களுக்கு உதவக்கூடும். காலின் இரத்த ஓட்டத்தில் குறை உள்ளவர்களும், சர்க்கரை நோய் உள்ள உங்கள் கணவரும், மருத்துவரைக் கேட்காமல் அதை அணியக் கூடாது.

உங்கள் கணவரைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து ஆண்டுச் சர்க்கரை நோயில் பாத நரம்புகளின் உணர்வு மெல்ல மங்கியிருக்கலாம், மங்கியது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். 10 கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வைச் சோதிப்பது சில நிமிட வேலை. புறப்படுமுன் கட்டாயம் செய்துகொள்ளட்டும். உணர்வு குறைந்திருந்தால் திறந்த செருப்பும் வெறுங்கால் நடையும் அறவே கூடாது. விரல் மூடிய, அகலமான, உள்ளே தையல் உறுத்தாத ஷூ அணிந்து, ஒவ்வொரு முறை போடுமுன்னும் கையை உள்ளே விட்டுக் கல்லோ மடிப்போ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். காலுறை வெளிர்நிறத்தில் இருந்தால் கசிவோ இரத்தமோ உடனே தெரியும். இரவு தோறும் இருவரில் ஒருவர் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள், குனிந்து பார்க்க முடியாவிட்டால் கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள். களைப்புத் தீர வெந்நீரில் கால்களை ஊறவைக்கும் பழக்கம் அவருக்கு வேண்டாம், சூடு எவ்வளவு என்பதைப் பாதம் சொல்லாது. புண்ணோ கொப்புளமோ தென்பட்டால் தானாக ஆறட்டும் என்று விடாமல், சென்ற ஊரிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆசைப்பட்டு வாங்கிய அந்தத் தோல் ஷூ. தோல் அகலவாக்கில் சற்று நெகிழும், நீளவாக்கில் நெகிழாது. வெட்டிய காகிதத்தை அதன் இன்சோல் மேல் வைத்துப் பாருங்கள். இன்சோல் கழலாத வகையாக இருந்தால் காகிதத்தையே உள்ளே விட்டுப் பாருங்கள், ஓரங்கள் சுருண்டால் ஷூ சிறியது. விரல்நுனியில் இடம் இருந்து, பக்கவாட்டில் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் பிதுங்கினால், காலணி தைப்பவரிடம் கொடுத்துப் பெருவிரல் மூட்டு வரும் இடத்தை மட்டும் அச்சில் ஏற்றி விரித்துத் தரச் சொல்லலாம், பிறகு மாலை வேளைகளுக்கு அதை அணியலாம். நுனியில் இடமில்லையென்றால் அது பழகாது. உங்கள் மகளின் பாதம் சிறியதாக இருந்தால் அவளுக்குக் கொடுத்துவிடுங்கள், விளையாட்டு ஷூவைத் தவிர வேறொன்றும் அவள் போடுவாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.